நிரலில் வர்க்கமூலம்: நூல் முறுக்கு முதல் சைட் மூலைவிட்டம் வரை

கோயமுத்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் நூலுக்கு எத்தனை முறுக்கு ஏற்றுவது என்று கணக்குப் போட உட்கார்ந்தால், இரண்டாவது வரியிலேயே வர்க்கமூலம் வந்து நிற்கும். ஓர் அங்குலத்துக்கு இத்தனை முறுக்கு என்பது கவுண்ட்டின் வர்க்கமூலத்தை முறுக்குப் பெருக்கியால் (மில்லில் டிஎம் என்பார்கள்) பெருக்கக் கிடைப்பது. கவுண்ட் என்றால் ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்பது. 30-ஆம் நம்பர் நூல், டிஎம் 3.5 என்று வைத்துக்கொண்டால் 3.5 × √30, அதாவது அங்குலத்துக்கு 19.17 முறுக்கு. அதே டிஎம்மில் 40-ஆம் நம்பருக்குப் போனால் 22.14. கவுண்ட் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, முறுக்கோ நூற்றுக்குப் பதினைந்தரைதான் கூடுகிறது. வர்க்கமூலத்தை விட்டுவிட்டு நேர்விகிதத்தில் போட்டவர் நூலைக் கயிறு மாதிரி முறுக்கிவிடுவார். பனியன் துணிக்கு மெத்தென்ற நூல் கேட்கும் திருப்பூர்க்காரர் அதைத் தொட்டுப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார்.

நிரல் எழுதப் புதிதாகக் கற்பவர்கள் இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டே நிறையத் தெரிந்துகொள்ளலாம். இங்கே பைதானில் தொடங்கி, நடுவில் எழில் என்ற தமிழ் நிரல் மொழிக்குப் போய், கடைசியில் மற்ற மொழிகளில் எங்கே காலை வாரும் என்று பார்க்கிறோம்.

முதலில் பைதானைத் தயார் செய்வது

பைதான் டாட் ஆர்க் என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். விண்டோஸில் நிறுவும்போது முதல் திரையின் அடியில் பாத் என்று முடியும் ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்துவிட்டுத்தான் இன்ஸ்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இதை மறந்தால் பிறகு கறுப்புத் திரையில் பைதான் என்று அடிக்கும்போது அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரும். அந்தக் கறுப்புத் திரை பல கணினிகளில் தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாகவோ கொம்பும் காலும் பிரிந்தோ காட்டும். ஆகையால் பைதானோடு சேர்ந்தே வரும் ஐடில் என்ற சாளரத்தைத் திறந்துகொள்ளுங்கள். அங்கே மூன்று அம்புக்குறிகளோடு ஒரு வரி காத்திருக்கும். அதில் அடித்து எண்டர் தட்டினால் விடை உடனே அடுத்த வரியில் வரும்.

பைதானின் மூன்றாம் பதிப்புகள் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரை ஏற்கும். கீழே உள்ளதை அப்படியே தமிழில் அடித்துப் பார்க்கலாம்:

```
>>> கவுண்ட் = 30
>>> கவுண்ட் ** 0.5
```

இரட்டைப் பெருக்கல் குறி அடுக்கைக் குறிக்கிறது. அரை அடுக்கு என்றாலே வர்க்கமூலம்தான். விடை 5.4772255750516... என்று வரும். எண்களை மட்டும் 1, 2, 3 என்றே அடியுங்கள், ௧, ௨, ௩ என்று நிரலில் அடித்தால் பிழை. இன்னொரு தொல்லை தமிழ் விசைப்பலகைக்கே உரியது: துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரத்தை அடித்துவிட்டால் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், பைதானுக்கு அது வேறு பெயர். ‘நேம் எர்ரர்’ வந்து, பெயர் சரியாகத்தானே இருக்கிறது என்று மண்டை காய்ந்தால், அந்தச் சொல்லை அழித்துவிட்டு மறுபடி அடியுங்கள்.

அரை அடுக்கு வேலை செய்யும், ஆனால் வர்க்கமூலத்துக்கென்றே எழுதப்பட்ட செயற்கூறு (ஃபங்ஷன்) இருக்கும்போது அதைத்தான் எடுக்க வேண்டும். அது மேத் என்ற நூலகத்துக்குள் இருக்கிறது. ஆங்கிலச் சிற்றெழுத்தில் இம்போர்ட், ஓர் இடைவெளி, மேத் என்று ஒரு வரி அடியுங்கள். அடுத்த வரியில், மூலம் என்று தமிழில் அடித்து, சமக்குறி போட்டு, மேத், ஒரு புள்ளி, எஸ், கியூ, ஆர், டி என்ற நான்கு எழுத்துகள். அடைப்புக்குறி வேண்டாம். இப்போது அந்தச் செயற்கூறுக்கு ‘மூலம்’ என்று தமிழில் பெயர் வைத்தாயிற்று. ஐடிலை மூடும்வரை அந்தப் பெயர் நிற்கும்.

```
>>> மூலம்(30)
5.477225575051661
>>> 3.5 * மூலம்(30)
```

ஏன் இது மேல்? இன்றைய செயலிகளில் வர்க்கமூலத்துக்கென்று தனிக் கட்டளையே உண்டு. 1985-இல் வந்த ஐஇஇஇ 754 என்ற தரநிலை, கூட்டல் பெருக்கலைப் போலவே வர்க்கமூலத்தையும் கடைசி இலக்கம்வரை சரியாகத் தோராயப்படுத்தித் தர வேண்டும் என்கிறது. அடுக்குக் கணக்குக்கு அந்த உறுதி இல்லை. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே வரும், எப்போதாவது கடைசி இலக்கத்தில் ஒன்று மாறும். மில் கணக்குக்கு அது பெரிதில்லை, ஆனால் இரண்டு விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலில் அந்த ஒன்று போதும் சண்டைக்கு.

கையால் ஒருமுறை கணிப்பது

செயற்கூறு இருக்கும்போது நாமே ஏன் கணிக்க வேண்டும்? வேலைக்காக அல்ல. சுற்று, நிறுத்தும் நிபந்தனை, தசமப் பிழை, பூச்சியத்தால் வகுப்பது என்று நிரலில் கற்க வேண்டிய இத்தனையும் இந்த ஒரு வரிக்குள் அடங்கியிருப்பதால் எழுதிப் பார்க்க வேண்டும். அந்த வரி இதுதான்:

```
>>> கணிப்பு = 5
>>> கணிப்பு = (கணிப்பு + கவுண்ட் / கணிப்பு) / 2; கணிப்பு
```

இதன் நியாயம் எளிது. 30 சதுர அடி உள்ள செவ்வகத்தின் ஒரு பக்கம் 5 அடி என்றால் மறுபக்கம் 30 / 5, அதாவது 6 அடி. சதுரமாக வேண்டுமென்றால் பக்கம் 5-க்கும் 6-க்கும் நடுவே எங்கோ இருக்க வேண்டும். நடுவையே எடுப்போம், 5.5. மறுபடி 30 / 5.5 = 5.4545..., இரண்டின் நடு 5.47727... செவ்வகம் சுற்றுக்குச் சுற்று சதுரத்தை நெருங்கும். முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹீரான் இதை எழுதி வைத்தார். பிறகு நியூட்டன் முறை என்று பொதுவாக வளர்ந்ததும் வர்க்கமூலத்துக்கு இதே வரியைத்தான் தருகிறது.

இரண்டாவது வரியைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். ஐடிலில் ஆல்ட் விசையோடு பி தட்டினால் முந்தைய வரி திரும்ப வரும், எண்டர் தட்டினால் போதும். (கறுப்புத் திரையில் என்றால் மேல் அம்பு விசை. ஐடிலில் மேல் அம்பு வெறுமனே கர்சரை மேலே நகர்த்தும். பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.) வரும் விடைகள்:

5.5
5.47727...
5.47722557525...
5.4772255750516...

முதல் சுற்றில் ஓர் இலக்கம் சரி. அடுத்ததில் ஐந்து, அதற்கடுத்ததில் பத்து, நாலாவதில் கணினி வைத்திருக்கும் அத்தனை இலக்கமும். ஒவ்வொரு சுற்றிலும் சரியான இலக்கங்கள் ஏறத்தாழ இரட்டிக்கின்றன, ஏனென்றால் புதிய பிழை பழைய பிழையின் வர்க்கத்தை ஒட்டியே அமைகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை அடுத்த சுற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும்.

இந்த வேகம் விடைக்கு அருகில் வந்த பிறகுதான். தொடக்கத்தில் 5-க்குப் பதிலாக 30-ஐயே கணிப்பாக வைத்துப் பாருங்கள்: 15.5, 8.72, 6.08, 5.507 என்று பாதி பாதியாக இறங்கி, ஏழாவது சுற்றில்தான் முழு விடை. 1-க்குப் பின் பன்னிரண்டு பூச்சியம் உள்ள எண்ணை அப்படித் தொடங்கினால் பத்து லட்சம் என்ற விடையின் பக்கத்தில் வரவே இருபது சுற்று வரை ஆகும். தொடக்கக் கணிப்பு நன்றாக இருந்தால் நாலைந்து சுற்றில் முடிந்துவிடும். பூச்சியத்தை மட்டும் தொடக்கமாக வைக்காதீர்கள், வகுக்க முடியாது என்று உடனே நின்றுவிடும். குறை எண் -5-இல் தொடங்கினால் -5.477-க்குப் போய்ச் சேரும். அதுவும் வர்க்கமூலம்தான், நமக்கு வேண்டியது அதுவல்ல.

செங்கோண முக்கோணத்தின் கர்ணத்துக்கு ஒரு பழைய மனக்கணக்கு உண்டு: நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, குறும்பக்கத்தில் பாதியைக் கூட்டு. 4-க்கும் 3-க்கும் 3.5 + 1.5, அச்சாக 5. 12-க்கும் 5-க்கும் 10.5 + 2.5, அச்சாக 13. இதைக் காட்டி, வர்க்கமூலமே தேவையில்லை என்று அடித்துப் பேசுபவர்கள் உண்டு. 1-க்கும் 1-க்கும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்: 1.375 வரும், சரியான விடை 1.41421... ஆனாலும் தொடக்கக் கணிப்பாக இது அருமை. 1.375-லிருந்து ஒரே சுற்று, 1.41477.

சுற்றை எங்கே நிறுத்துவது

கையால் எண்டர் தட்டும்போது போதும் என்று நாமே நிறுத்துகிறோம். நிரல் தானாக நிறுத்த வேண்டும். வர்க்கமூல நிரல்களில் வரும் பிழைகளில் முக்கால்வாசி இங்கேதான்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது: கணிப்பைக் கணிப்பால் பெருக்கி மூல எண் வந்தால் நிறுத்து. இது வேலைக்காகாது. 2-இன் வர்க்கமூலத்தைப் பைதான் 1.4142135623730951 என்று தருகிறது, அதை அதனாலேயே பெருக்கினால் 2.0000000000000004. கணினி ஒரு தசம எண்ணுக்கு 53 பிட் அளவே இடம் வைத்திருக்கிறது, பதினைந்து பதினாறு இலக்கத்துக்கு மேல் அதற்குப் பிடிக்காது. சமமாகும்வரை சுற்று என்றால் நிரல் விடியவிடியச் சுற்றும்.

சரி, வித்தியாசம் 0.0001-க்குள் வந்தால் நிறுத்து என்று எழுதலாம் என்பார்கள். 30-க்கு அது சரியாக வரும். 0.000001-க்குப் போட்டுப் பாருங்கள். விடை 0.001 வர வேண்டும். கணிப்பு 0.01-இல் இருக்கும்போதே அதன் வர்க்கம் 0.0001, வித்தியாசம் 0.000099, நிபந்தனை நிறைவேறிவிட்டது; விடை பத்து மடங்கு தப்பு. மறுபக்கம், 1-க்குப் பின் இருபது பூச்சியம் உள்ள எண்ணை எடுத்தால், அந்த உயரத்தில் கணினி அறிந்த அடுத்தடுத்த தசம எண்களுக்கு இடையிலேயே 16384 இடைவெளி. அங்கே 0.0001 வித்தியாசம் என்பதும் அச்சாகச் சமம் என்பதும் ஒன்றுதான், மறுபடி முடிவில்லாத சுற்றில் மாட்டலாம். ஒரே முழக்கோலை வைத்துக்கொண்டு மூக்குத்தியையும் அளக்க முடியாது, மேற்குத் தொடர்ச்சி மலையையும் அளக்க முடியாது. வித்தியாசத்தைக் கணிப்பின் அளவோடு ஒப்பிட்டு, கணிப்பில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள் வந்தால் நிறுத்து என்று எழுதுவது மேல்.

அதைவிடவும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. விடையைவிடப் பெரிய எண்ணில் தொடங்கினால் கணிப்பு இறங்கிக்கொண்டே வரும், ஒருபோதும் விடைக்குக் கீழே தாவாது. இறங்குவது நின்றதும் நாமும் நின்றுவிடலாம். எந்த அளவுகோலும் வேண்டாம்.

சுற்று எழுதப் பைதானில் ஆங்கிலச் சொற்கள் தேவைப்படும். தமிழிலேயே முழு நிரலும் எழுத எழில் மொழி இருக்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கியது, பைதானின் மேல் கட்டப்பட்டது. அதில் நமது நிரல்:

```
# வர்க்கமூலம், இறங்குவது நிற்கும்வரை
நிரல்பாகம் மூலம்_காண்( இலக்கு )
  பழையது = இலக்கு + 1.0
  புதிது = (பழையது + இலக்கு / பழையது) / 2.0
  @( புதிது < பழையது ) வரை
    பழையது = புதிது
    புதிது = (பழையது + இலக்கு / பழையது) / 2.0
  முடி
  பின்கொடு பழையது
முடி

பதிப்பி மூலம்_காண்( 30.0 )
```

இலக்கோடு ஒன்றைக் கூட்டித் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 30-க்கு 30-லேயே தொடங்கலாம், ஆனால் 0.25-இன் வர்க்கமூலம் 0.5, அதாவது எண்ணைவிட மூலம் பெரியது. ஒன்றுக்குக் குறைந்த எல்லா எண்ணுக்கும் இப்படித்தான். ஒன்றைக் கூட்டிவிட்டால் எந்த எண்ணுக்கும் தொடக்கம் விடைக்கு மேலேயே இருக்கும். எழிலில் ‘வரை’ என்பது அந்த நிபந்தனை உண்மையாக இருக்கும் வரை சுற்று என்று பொருள்படும், உண்மையாகும் வரை என்று அல்ல. தமிழாக இருப்பதால் பேச்சுவழக்கை வைத்து மாற்றிப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். 2 என்று போடாமல் 2.0 என்று போட்டிருப்பதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

நிரல் சரி போலத் தெரிகிறதல்லவா? இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. பூச்சியத்தைக் கொடுங்கள்: 1, 0.5, 0.25 என்று பாதியாகிப் பாதியாகி ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடி, கணினிக்குத் தெரிந்த மிகச் சிறிய எண்ணையும் தாண்டிப் பூச்சியமாகி, அடுத்த வரியில் பூச்சியத்தால் வகுக்கப் போய் உடையும். குறை எண்ணைக் கொடுங்கள்: -9 என்றால் பழையது -8, புதிது ஏறத்தாழ -3.4, புதியது சிறியதாக இல்லை, உடனே நின்று -8 என்று விடை தருகிறது. உடைவதைவிட இது ஆபத்து, பிழைச் செய்தி இல்லாமல் தப்பு விடை. இரண்டுக்கும் நிரல்பாகத்தின் தொடக்கத்திலேயே தடுப்புப் போட வேண்டும்:

```
  @( இலக்கு < 0 ) ஆனால்
    பதிப்பி "குறை எண்ணுக்கு மெய்யெண் மூலம் கிடையாது"
    பின்கொடு 0
  முடி
  @( இலக்கு == 0 ) ஆனால்
    பின்கொடு 0
  முடி
```

பாதி பாதியாக வெட்டித் தேடும் முறையும் உண்டு: விடை 5-க்கும் 6-க்கும் நடுவே, 5.5-இன் வர்க்கம் 30-ஐ விடப் பெரிது, ஆகவே 5-க்கும் 5.5-க்கும் நடுவே. புரிந்துகொள்ள எளிது, ஆனால் ஒரு சுற்றுக்கு ஒரு பிட்தான் சரியாகும், முழு விடைக்கு ஐம்பது சுற்றுபோல ஆகும். 0-க்கும் அந்த எண்ணுக்கும் நடுவே தேடு என்று எழுதினால் 0.25-இல் மாட்டுவீர்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

முழு எண் மட்டும் வேண்டும்போது

சில வேலைக்குத் தசமமே வேண்டாம். 200 தென்னங்கன்றைச் சதுரமாக நட்டால் வரிசைக்கு எத்தனை, மிச்சம் எத்தனை என்று கேட்டால் 14, மிச்சம் 4. பைதானில் இதற்குத் தனிச் செயற்கூறு 3.8 பதிப்பில் வந்தது. மேத், புள்ளி, பிறகு ஐ-எஸ்-கியூ-ஆர்-டி. முன்போலவே இதற்கு ‘முழுமூலம்’ என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண மூலத்தை எடுத்துத் தசமத்தை வெட்டிவிட்டால் போதாதா? சிறிய எண்ணுக்குப் போதும். 18014398509481983 என்ற எண்ணைப் பாருங்கள். இது 134217728-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு, ஆகவே முழுமூலம் 134217727. சாதாரண மூலமோ 134217728.0 என்கிறது, அந்த எண் 53 பிட்டுக்குள் அடங்காமல், கணக்குத் தொடங்குமுன்னே ஒன்று கூடிவிட்டது.

```
>>> மூலம்(18014398509481983)
134217728.0
>>> முழுமூலம்(18014398509481983)
134217727
```

முழு எண் மூலத்தை நாமே எழுதினால், வகுத்தலுக்கு இரட்டைச் சாய்கோடு: (கணிப்பு + எண் // கணிப்பு) // 2. இங்கே நிறுத்தும் நிபந்தனையைப் ‘புதியதும் பழையதும் சமம்’ என்று எழுதிவிடாதீர்கள். 24-ஐ எடுத்தால் 24, 12, 7, 5, 4 என்று இறங்கி, பிறகு 5, 4, 5, 4 என்று ஊஞ்சலாடும். ஒரு முழு வர்க்கத்துக்கு ஒன்று குறைந்த எண்களில் இந்த ஊஞ்சல் வரும். 30-ஐ வைத்துச் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் 30 அழகாக 5-இல் நின்றுவிடும். புதியது பழையதைவிடக் குறையாதபோது நிறுத்தி, பழையதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சைட், சுவர், மோட்டார்

5 சென்ட் சைட் சரிசதுரம் என்றால் பக்கம் எவ்வளவு? ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஐந்துக்கு 2178. மூலம்(2178) என்றால் 46.669... அடி. மூலம்(5) என்று அடித்துவிட்டு வரும் 2.236-க்கு எந்த அர்த்தமும் இல்லை; சென்ட்டைச் சதுர அடியாக்கிய பிறகுதான் மூலம் எடுக்க வேண்டும். நிரல் இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது, அலகு என்ன என்பது அதற்குத் தெரியாது.

12-க்கு 10 அறைக்கு மூலை சரியாக இருக்கிறதா என்று கொத்தனார் குறுக்கே டேப் பிடித்துப் பார்ப்பார். இரண்டு மூலைவிட்டமும் மூலம்(12*12 + 10*10), அதாவது 15.6205 அடி இருக்க வேண்டும். இதை 15 அடி 6 அங்குலம் என்று படிப்பது சகஜமான தப்பு. புள்ளிக்குப் பின்னால் உள்ள 0.6205-ஐப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும்: 7.45 அங்குலம். 15 அடி ஏழரை அங்குலம் என்று சொல்லலாம். ஒன்றரை அங்குலம் தப்பாகச் சொல்லியிருந்தால் நேராக நிற்கும் சுவரைக் கோணல் என்று இடித்திருப்பார்கள். இதற்கென்றே பைதானின் மேத் நூலகத்தில் ஹைபாட் என்ற செயற்கூறு இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் கொடுத்தால் மூலைவிட்டம் தரும், மிகப் பெரிய எண்களை வர்க்கம் போடும்போது எல்லை தாண்டாமலும் பார்த்துக்கொள்ளும்.

கிணற்று மோட்டாரில் வருவது √3. மூன்று ஃபேஸ், 415 வோல்ட், 5 குதிரைத்திறன் (3730 வாட்), பவர் ஃபேக்டர் 0.8, திறன் 0.8 என்று வைத்தால் 3730 / (மூலம்(3) * 415 * 0.8 * 0.8), சுமார் 8.1 ஆம்பியர். வகுக்கும் பகுதியைச் சுற்றியுள்ள அடைப்புக்குறிகளை விட்டால் முதல் எண்ணால் மட்டும் வகுத்து மற்றவற்றால் பெருக்கிவிடும், ஐந்து லட்சத்துக்கு மேல் ஆம்பியர் வரும். அது உடனே தெரிந்துவிடும் என்பதால் பரவாயில்லை. மாறாத √3-ஐச் சுற்றுக்குள் ஒவ்வொரு முறையும் கணிக்காமல், வெளியே ஒருமுறை கணித்துப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

குறியும் வகையும் செய்யும் வேலை

பைதானில் மூலம்(-4) என்றால் ‘வேல்யூ எர்ரர்’ என்று நின்றுவிடும். அதுவே (-4) ** 0.5 என்றால் நிற்காது, ஜே என்ற எழுத்தோடு ஒரு கலப்பெண்ணைத் தரும். அடைப்புக்குறி இல்லாமல் -4 ** 0.5 என்று அடித்தால் -2.0, முதலில் 4-க்கு மூலம் எடுத்து, பிறகு குறையைச் சேர்க்கிறது. எக்ஸெலில் இதற்கு நேர் எதிர்: அங்கே முன்னால் உள்ள குறைக்குறி முதலில் ஒட்டிக்கொள்ளும், பிழை வரும். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், சி ஆகியவை குறை எண்ணுக்கு நிரலை நிறுத்தாமல், ‘எண் அல்ல’ என்ற ஒரு மதிப்பைத் தந்துவிட்டு மேலே போகும். அது அடுத்தடுத்த கணக்கிலெல்லாம் பரவி, கடைசிப் பட்டியலில்தான் கண்ணில் படும். அது தனக்குத் தானே சமமில்லாத மதிப்பு என்பதால் சமக்குறி போட்டுச் சோதித்தும் பிடிக்க முடியாது, அதற்கென்று உள்ள சோதனைச் செயற்கூற்றைத்தான் கூப்பிட வேண்டும்.

சி, ஜாவா எழுதுபவர்களுக்கு: தொப்பிக் குறி (^) அடுக்கு அல்ல, பிட்களை ஒப்பிடும் குறி. பைதானிலும் அப்படியே, 9 ^ 2 என்றால் 81 வராது, 11 வரும். 1/2 என்று எழுதினால் அந்த மொழிகளில் முழு எண் வகுத்தல், விடை 0. ஆகவே 49-இன் 1/2 அடுக்கு என்று நீங்கள் எழுதியதை அது 49-இன் பூச்சிய அடுக்காக எடுத்துக்கொண்டு 1 என்கிறது. எந்த எண்ணைப் போட்டாலும் 1 வந்தால் இதுதான் காரணம். 2.0 என்று புள்ளி வைத்து எழுதும் பழக்கம் இதற்காகத்தான். சி-இல் இன்னொன்று: லினக்ஸில் தொகுக்கும்போது கட்டளையின் கடைசியில் ஒரு சிறுகோடும் எல், எம் என்ற இரண்டு எழுத்தும் சேர்க்காவிட்டால், மேத் தலைப்புக் கோப்பைச் சேர்த்திருந்தாலும் செயற்கூறு கிடைக்கவில்லை என்று தொகுப்பி சொல்லக்கூடும்.

பயனரிடம் வாங்கும் எண் பைதானில் சரமாகத்தான் (வெறும் எழுத்துத் தொடராக) வரும், மூலம்("30") ஏற்காது. ஃப்ளோட் செயற்கூற்றால் எண்ணாக மாற்றிய பிறகு கொடுங்கள். நம் பழக்கத்தில் 1,00,000 என்று காற்புள்ளி போட்டால் மூன்று எண்களாக எடுத்துக்கொண்டு பிழை தரும். 1_00_000 என்று அடிக்கோடு போட்டால் ஏற்கும். வாட்ஸ்அப்பில் வந்த நிரலை ஒட்டும்போது நேர் மேற்கோள் குறி வளைந்திருக்கும், கழித்தல் குறி நீண்ட கோடாகியிருக்கும், பெருக்கல் நட்சத்திரங்கள் எழுத்தைத் தடிமனாக்கிவிட்டு மறைந்திருக்கும். அவற்றைக் கையால் திருத்திவிட்டு ஓட்டுங்கள்.

எழுதிய நிரலைச் சோதிக்க 30, 144 போன்ற நல்ல பிள்ளைகளை மட்டும் கொடுக்காதீர்கள். 0, 1, 2, 0.25, 0.000001, 24, பத்து லட்சம் கோடி, மேலே சொன்ன பதினேழு இலக்க எண், கடைசியாக -9. தசம நிரல் என்றால் விடையை வர்க்கம் போட்டு, மூல எண்ணோடு விகிதமாக ஒப்பிடுங்கள். முழு எண் நிரல் என்றால் விடையின் வர்க்கம் மூல எண்ணுக்கு மேல் போகக் கூடாது, விடையோடு ஒன்றைக் கூட்டிய எண்ணின் வர்க்கம் மேலே போயே ஆக வேண்டும்.